ஊட்டப்பட்ட மதுவும் தள்ளிப்போன பருவமும்

மதுவை விலக்கச் சொல்லும் சமய மரபுகள் பெரும்பாலும் குடிப்பவரை முன்னிறுத்தியே பேசுகின்றன. அவருடைய அறிவு மயங்குவதும், கடமை தவறுவதும், அவரை நம்பியிருப்போர் அல்லற்படுவதுமே அங்கே விசாரணைக்கு வருகின்றன. தானாகக் குடிக்காத, குடிப்பதா வேண்டாமா என்று எண்ணிப் பார்க்கவும் இயலாத ஓர் உயிருக்கு இன்னொருவர் மதுவை ஊட்டினால் அந்தப் பழி யாரைச் சேரும் என்ற கேள்வியை எழுப்பிய நூல்கள் சிலவே. மத்திய ஆசியாவின் ஃபெர்கானாப் பள்ளத்தாக்கில் பிறந்து 1197-இல் மறைந்த இமாம் புர்ஹானுத்தீன் அல்-மர்கீனானீ எழுதிய 'அல்-ஹிதாயா' அவற்றுள் ஒன்று. இஸ்லாமியச் சட்டவியலாகிய ஃபிக்ஹின் பெரும் மரபுகளில் ஒன்றான ஹனஃபி மத்ஹபில் பல நூற்றாண்டுகளாகப் பாடநூலாக ஓதப்பட்டு வரும் அந்நூல், மருந்து என்ற காரணத்துக்காகக்கூடச் சிறுவருக்கு மது புகட்டலாகாது என்றும், புகட்டினால் அதன் தீவினை புகட்டியவரையே சேரும் என்றும் விதித்து, அதையடுத்து, கால்நடைகளுக்கும் அதைக் கொடுக்கலாகாது என்கிறது. தமக்கு நேர்வதைத் தடுக்க இயலாதவர்கள் என்ற வகையில் சிறுவரும் விலங்கும் அங்கே அருகருகே வைக்கப்படுகின்றனர்.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உருவான ஓர் ஆய்வுத்துறை, இவ்விருவரையும் அறத்தராசின் எதிரெதிர்த் தட்டுகளில் நிறுத்தியது. சிறு வயதில் அருந்தும் மது பருவமடைதலை எவ்வாறு பாதிக்கிறது என்பதை அறிய வேண்டும். அதற்காகச் சிறுமியருக்கு மது கொடுத்துப் பார்க்க எந்த மனச்சாட்சியும் இடந்தராது. ஆகவே இளம் எலிகளுக்கும் குரங்குக் குட்டிகளுக்கும் அது கொடுக்கப்பட்டது. குழந்தைக்குச் செய்யக்கூடாததை, குழந்தையின் நலனுக்காகவே விலங்குக்குச் செய்யலாமா என்பதே இத்துறை எழுப்பும் அறவியல் கேள்வி. வலி, மரணம் ஆகிய இரண்டை மட்டும் எடைபோடும் வழக்கமான விவாதங்களால் இக்கேள்வியை முழுமையாக அளந்துவிட முடியாது. இங்கே விலங்கிடமிருந்து எடுக்கப்படுவது அதன் வளர்ச்சியின் ஒரு கட்டமாகும்.

இதை விளங்கிக்கொள்ள, பருவமடைதல் உடலில் எவ்வாறு நிகழ்கிறது என்பதைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டியிருக்கிறது. அது சூலகத்திலோ விரையிலோ தொடங்குவதில்லை. மூளையின் அடிப்பகுதியில் இருக்கும் ஹைப்போதலாமஸ் என்ற சிறிய பகுதியில் தொடங்குகிறது. அங்குள்ள சில நரம்பணுக்கள் ஜி.என்.ஆர்.எச். எனப்படும் ஹார்மோனை விட்டுவிட்டுத் துடிப்புகளாக வெளியிட, அது மூளைக்குக் கீழே தொங்கும் பிட்யூட்டரி சுரப்பியைத் தூண்டுகிறது, பிட்யூட்டரி எல்.எச்., எஃப்.எஸ்.எச். என்ற இரு ஹார்மோன்களை இரத்தத்தில் கலக்க, அவை சென்று சூலகத்தை எழுப்பி, ஈஸ்ட்ரடயால் என்ற பெண்மை ஹார்மோனைச் சுரக்கச் செய்கின்றன. குழந்தைப் பருவம் முழுவதும் இந்தத் துடிப்பு அடக்கி வைக்கப்பட்டிருக்கிறது. அடக்கும் சமிக்ஞைகள் தளர்ந்து தூண்டும் சமிக்ஞைகள் ஓங்கும்போதுதான் பருவம் பிறக்கிறது. தூண்டும் சமிக்ஞைகளில் தலையாயது கிஸ்பெப்டின் என்ற புரதம். அதை ஏற்கும் ஏற்பியில் மரபுப் பிழை உள்ளவர்கள் பருவமடைவதே இல்லை என்பதை 2003-இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் தனித்தனியே கண்டறிந்தன. உடல் போதிய அளவு வளர்ந்துவிட்டது என்ற செய்தியை மூளைக்குக் கொண்டுசேர்க்கும் பொருள்களுள் முக்கியமானது, பெரும்பாலும் கல்லீரலில் உருவாகும் ஐ.ஜி.எஃப்.-1 என்ற வளர்ச்சிக் காரணி. உடலின் பல உறுப்புகள் ஒன்றுக்கொன்று சொல்லியனுப்பி, எல்லாம் ஆயத்தமான பிறகே அடியெடுத்து வைக்கும் இந்த ஒழுங்கில் வியப்புக்குரிய ஒரு பொறுமை இருக்கிறது.

மது இந்த ஒழுங்கில் பல இடங்களில் குறுக்கிடுகிறது. அமெரிக்காவில் டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லெஸ் டீஸும் அவருடைய குழுவினரும் பல பத்தாண்டுகளாக நடத்திய ஆய்வுகளில், மது கொடுக்கப்பட்ட இளம் பெண் எலிகளின் இரத்தத்தில் ஐ.ஜி.எஃப்.-1, எல்.எச்., ஈஸ்ட்ரடயால் ஆகியவற்றின் அளவு குறைவதும், பருவம் தள்ளிப்போவதும் காணப்பட்டன. மது கல்லீரலிலிருந்து வரும் வளர்ச்சிச் செய்தியைக் குறைப்பதோடு நில்லாமல், அச்செய்தி மூளைக்குள் செயல்படுவதையும் தடுக்கிறது. கிஸ்பெப்டினை உருவாக்கும் மரபணுவின் செயல் மங்குகிறது. டைனார்ஃபின் போன்ற, மூளை தானே சுரக்கும் அபின்வகைப் பொருள்களின் அடக்குமுறை வலுக்கிறது. ஆண் எலிகளிலும் டெஸ்டோஸ்டீரோன் குறைவதைப் பிற ஆய்வகங்கள் கண்டன. மதுவின் தீங்கு வளர்ந்தோரின் கல்லீரலோடு முடிந்துவிடுவதில்லை, குழந்தை பெரியவராகும் வாசலிலேயே அது நின்று மறிக்கிறது என்ற அறிவு இவ்வாறு கிடைத்தது. இந்த அறிவின் மதிப்பைக் குறைத்துப் பேசுவது நேர்மையாகாது. மது அருந்தும் சிறுமியரை மட்டும் ஆராய்ந்தால், அவர்களுடைய வறுமை, ஊட்டக்குறை, குடும்பச் சூழல் ஆகியவற்றின் விளைவையும் மதுவின் விளைவையும் பிரித்தறிவது மிகக் கடினம்; விலங்காய்வு அந்தச் சிக்கலை அறுத்துக் காட்டியது.

அந்தப் பிரித்தறிதல் நடைமுறையில் எவ்வாறு செய்யப்பட்டது என்பது அறவியல் நூல்கள் அரிதாகவே நின்று கவனிக்கும் செய்தி. எலிக்குட்டி பிறந்து ஏறத்தாழ மூன்று வாரங்களில் தாய்ப்பாலை மறக்கிறது. அதற்கடுத்த ஒன்றிரண்டு வாரங்களே அதன் பருவ வாசல். அந்த நாள்களில் அதைக் கையில் பிடித்து, வாய் வழியாக இரைப்பை வரை மெல்லிய குழாயைச் செலுத்தி, உடல் எடைக்கேற்ப அளந்த மது உள்ளே விடப்படுகிறது. குழாய் இல்லாத முறை ஒன்றும் உண்டு. லீபர், டிகார்லி என்ற இரு ஆய்வாளர்கள் 1960-களில் வகுத்த திரவ உணவில் மொத்தக் கலோரியில் 36 விழுக்காடு மதுவிலிருந்து வருகிறது. கூண்டில் வேறு உணவு வைக்கப்படாததால், விலங்கு மதுவோடு சேர்த்து உண்ண வேண்டும், அல்லது பட்டினி கிடக்க வேண்டும். அத்தகைய உணவை எலிகள் வழக்கமான உணவைவிடக் குறைவாகவே உண்கின்றன. உணவுக் குறைவே பருவத்தைத் தள்ளிப்போடவல்லது. எனவே மதுவின் விளைவைப் பசியின் விளைவிலிருந்து பிரிப்பதற்காக இன்னொரு கூண்டில் இணை எலி ஒன்று வைக்கப்பட்டு, முதல் எலி அன்றன்று எவ்வளவு உண்டதோ அதே கலோரி அளவு மட்டும், மது கலவாமல், அதற்கு அளந்து வைக்கப்படுகிறது. மதுவின் வாசனைகூட அறியாத அந்த இணை எலியும் கணக்கு நேர்ப்படுவதற்காகப் பசித்திருக்கிறது. பெண் எலியின் யோனிவாயை மூடியிருக்கும் மெல்லிய சவ்வு பருவமடையும்போது திறக்கும்; அது திறந்துவிட்டதா என்று நாள்தோறும் எடுத்துப் பார்த்துக் குறிக்கப்படுகிறது. மூளைத் திசுவை ஆராய வேண்டிய ஆய்வுகளில் இறுதியில் விலங்கு கொல்லப்படுகிறது.

மனிதருக்கு மேலும் நெருங்கிய விலங்கிடத்தும் இக்கேள்வி கேட்கப்பட்டது. டீஸும், செர்கியோ ஒஹேடா உள்ளிட்ட அவருடைய உடனாய்வாளர்களும் 2000-ஆம் ஆண்டில் 'எண்டோகிரைனாலஜி' இதழில் வெளியிட்ட ஆய்வில், பெண் ரீசஸ் குரங்குகளுக்கு 20 மாத வயதிலிருந்து உடல் எடையில் கிலோவுக்கு 2 கிராம் வீதம் நாள்தோறும் மது இரைப்பைக்குள் செலுத்தப்பட்டது. வளர்ச்சி ஹார்மோனும் ஐ.ஜி.எஃப்.-1-உம் எல்.எச்.-உம் ஈஸ்ட்ரடயாலும் குறைந்தன. முதல் மாதவிடாய் வரும் வயது மாறவில்லை. ஆனால் அதற்குப் பின் வரவேண்டிய மாதவிடாய்களுக்கிடையே இடைவெளி நீண்டு, மாதந்தோறும் வரும் ஒழுங்கு அமைவது தடைப்பட்டது. அந்த உயிருக்குள் ஒரு வாழ்வொழுங்கு அமையத் தொடங்கும் நேரத்திலேயே அது குலைக்கப்பட்டது என்பதே இம்முடிவின் பொருள். அறிவியல் ஏட்டில் இது ஒரு வரைகோட்டின் சரிவாகப் பதிவாகிறது.

இதில் நிகழ்ந்த தீங்கு என்ன என்று கேட்டால், மேலை அறவியலின் மிகச் செல்வாக்குள்ள மரபு வலியைத் தேடும். விலங்குகளின் நிலையை முடிவு செய்ய அவற்றின் பகுத்தறிவைப் பார்க்க வேண்டியதில்லை, அவை துன்புறவல்லவையா என்பதையே பார்க்க வேண்டும் என்று 1789-இல் ஜெரமி பெந்தம் நிறுவிய நிலைப்பாடு, விலங்குகளுக்குப் பேருதவி செய்த ஒன்று. எனினும் அதைக் கொண்டு மட்டும் அளந்தால், இங்கே கணக்கில் ஏறுவது குழாய் செலுத்தும்போது உண்டாகும் அச்சமும், மயக்கமும், பசியும் மட்டுமே. பருவம் தள்ளிப்போனது கணக்கில் ஏறாது. தனக்கு வரவேண்டிய பருவம் வரவில்லை என்று எலி அறிவதில்லை. அறியாத இழப்பு வலிப்பதில்லை. வலிக்காதது தீங்காவதில்லை என்று வாதம் முடிந்துவிடும். இம்மானுவேல் காண்ட்டின் வழியில் சென்றால் எலி இன்னும் பின்னுக்குத் தள்ளப்படும். விலங்குக்குக் கொடுமை செய்வது மனிதனின் உள்ளத்தை மரத்துப்போகச் செய்து பிற மனிதரிடத்தும் கொடியவனாக்கும் என்பதாலேயே அதை அவர் கண்டித்தார், விலங்குக்கென்று நேரடியான கடமை எதையும் அவர் ஏற்கவில்லை.

அறியாத இழப்பு தீங்காகாது என்ற வாதத்தைக் குழந்தையின் பக்கம் திருப்பினால் அதன் குறைபாடு உடனே தெரிகிறது. பத்து வயதுச் சிறுமிக்கு யாரோ தொடர்ந்து மது கொடுத்து, அதனால் அவளுடைய வளர்ச்சி தடைப்பட்டு, அப்படித் தடைப்பட்டதை அவள் ஒருபோதும் உணராமலே இருந்தாலும், அவளுக்குத் தீங்கு இழைக்கப்படவில்லை என்று எவரும் சொல்லத் துணியமாட்டார். உணரப்படும் துன்பத்துக்கு அப்பால், ஓர் உயிர் தன் இயல்புப்படி முழுமை பெறுவது தடுக்கப்படுவதும் தீங்கே என்பது இதனால் விளங்குகிறது. ஒவ்வோர் உயிருக்கும் அதற்கே உரிய நிறைவு ஒன்று உண்டு, அதை நோக்கியே அதன் வளர்ச்சி செல்கிறது என்ற அரிஸ்டாட்டிலின் பார்வை இங்கே பெந்தத்தைவிடக் கூர்மையாகப் பயன்படுகிறது. அதை அடியொற்றி மார்த்தா நுஸ்பாம் 2006-இல் வெளியான தம் நூலில், ஒவ்வோர் இனமும் தனக்குரிய வகையில் செழித்து வாழ்வதற்கான ஆற்றல்களைத் தடுப்பது நீதி சார்ந்த பிழை என்று விலங்குகளுக்கும் விரித்துரைத்தார். இந்த நோக்கில், பருவமடைதலை மறிப்பது ஒரு விலங்குக்குச் செய்யக்கூடிய பல தீங்குகளில் ஒன்று என்று எளிதாகக் கடந்துவிடத்தக்கதன்று; ஒரு வாழ்க்கை தன் உருவை எட்டும் கட்டத்தையே அது தொடுகிறது. எலியின் பருவம் தள்ளிப்போவது சில நாள்கள்தாமே என்று சொல்லப்படலாம். இரண்டு மூன்று ஆண்டுகளே வாழும் உயிரின் நாள்களை மனிதரின் நாட்காட்டியால் அளப்பது பொருந்தாது என்பதே அதற்கு மறுமொழி.

மர்கீனானீயின் நூலில் வேறொரு நுண்ணிய கருத்தும் பதிவாகியிருக்கிறது. மதுவை விலங்கிடம் கொண்டுசென்று கொடுப்பதே கூடாது, விலங்கை மது இருக்கும் இடத்துக்கு ஓட்டிச் சென்றால் குற்றமில்லை என்று சிலர் கூறியதாகவும், செத்த பிராணியை நாயிடம் சுமந்து செல்வதற்கும் நாயை அதனிடம் அழைத்துச் செல்வதற்கும் உள்ள வேறுபாடு போன்றது இது என்றும் அந்நூல் குறிக்கிறது. செயல் யாருடையது என்ற கேள்வியை அந்தச் சட்ட அறிஞர்கள் எவ்வளவு உன்னிப்பாக நோக்கினர் என்பதற்கு இது சான்று. இன்றைய ஆய்வகத்திலும் இதே வேறுபாடு உயிரோடு இருக்கிறது. குழாய் வழியே மது செலுத்துவது ஒரு முறை; கூண்டில் தண்ணீர்க் குப்பி ஒன்றையும் நீர்த்த மதுக் குப்பி ஒன்றையும் மாட்டிவிட்டு, விலங்கு எதை நாடுகிறது என்று பார்ப்பது இன்னொரு முறை. இரண்டாவதில் குடிப்பது விலங்கின் செயல் என்பதால் பழி குறைவு என்று தோன்றக்கூடும். ஆனால் அந்த நாட்டமே தயாரிக்கப்படுவதும் உண்டு: அமெரிக்காவின் இண்டியானா பல்கலைக்கழகத்திலும், 1960-கள் தொட்டு ஃபின்லாந்திலும், மதுவை விரும்பிக் குடிக்கும் எலிகளைத் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து இணைசேர்த்து, மதுவை நாடும் எலி வழிகளே உருவாக்கப்பட்டிருக்கின்றன. விருப்பத்தையே பிறர் வளர்த்தெடுத்த இடத்தில், ஓட்டிச் சென்றதாகச் சொல்லிப் பொறுப்பைக் கைகழுவ இயலாது. விளம்பரமும் மலிவு விலையும் சூழ வளரும் சிறுவருடைய 'விருப்பத்தை'ப் பற்றியும் இதையே சொல்ல வேண்டும். சிறுவரும் விலங்கும் இங்கேயும் அருகருகே வந்து நிற்கிறார்கள்.

பழியின் பரப்பை இன்னும் விரித்துக் காட்டுவது சமணம். தத்துவார்த்த சூத்திரம், விழிப்பின்மையோடும் வேட்கையோடும் கூடிய செயலால் உயிருக்கு ஊறு செய்வதையே இம்சை என்று வரையறுக்கிறது. தானே செய்தல், பிறரைக்கொண்டு செய்வித்தல், செய்ததற்கு உடன்படுதல் என்று வினையின் மூன்று வாயில்களையும் சமண நெறி எண்ணுகிறது. இதன்படி, குழாயைப் பிடித்த கை மட்டும் விசாரணைக்கு உரியதன்று. ஆய்வுக்குப் பணம் ஒதுக்கிய அரசும், முடிவைப் பயன்படுத்திக்கொள்ளும் சமூகமும் அதில் பங்காளிகள். பௌத்தத்தின் அங்குத்தர நிகாயம் இல்லறத்தார் செய்யலாகாத ஐந்து வாணிகங்களைக் கூறும்போது, உயிர்களை விற்றல், மயக்கப்பொருள் விற்றல், நஞ்சு விற்றல் ஆகிய மூன்றையும் ஒரே பட்டியலில் வைக்கிறது. அந்தப் பட்டியலின் வெளிச்சத்தில் பார்த்தால், இந்த ஆய்வுகளுக்கான தேவை எங்கே பிறந்தது என்பதையும் கேட்க வேண்டியிருக்கிறது. அம்மை நோயோ புற்றுநோயோ போல இயற்கையில் வந்து தாக்கிய ஒன்றன் தீர்வுக்காக இவ்விலங்குகள் பயன்படவில்லை; பெரியவர்கள் காய்ச்சி, விற்று, வரி வாங்கி, சிறுவர் கைக்கு எட்டும்படி விட்டுவைத்த ஒரு பொருளின் தீமையை அளப்பதற்காகப் பயன்பட்டன. நோயைக் காரணம் காட்டி விலங்காய்வுக்குச் சொல்லப்படும் நியாயம் இங்கே அதே வலிமையோடு நிற்காது. அதே நேரத்தில், குடிக்கும் சிறுமியின் மேல் அந்தக் குற்றத்தைச் சுமத்தி, அவளுக்காக எலி துன்புறுவானேன் என்று கேட்பதும் கொடுமை; அவளும் ஊட்டப்பட்டவளே.

நாட்டின் சட்டங்கள் இந்த ஆழத்துக்கு வருவதில்லை. அமெரிக்காவின் 1966-ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம் குரங்குகளைக் காக்கிறது. ஆய்வுக்கென்றே வளர்க்கப்படும் எலிகளும் சுண்டெலிகளும் பறவைகளும் அச்சட்டம் சொல்லும் 'விலங்கு' என்ற வரையறைக்குள்ளேயே வரமாட்டா என்று 2002-இல் சட்டத்திருத்தம் வழியாக முடிவு செய்யப்பட்டது. அரசு நிதி பெறும் ஆய்வுகளில் வேறு விதிகள் அவற்றைக் காத்தாலும், அந்த வரையறை சொல்லும் செய்தி வருத்தத்துக்குரியது. ஐரோப்பிய ஒன்றியம் 2010-இல் இயற்றிய நெறிமுறை எலிகளையும் உள்ளடக்குவதோடு, வலி, துன்பம், மனவேதனை ஆகியவற்றோடு நீடித்த தீங்கு என்பதையும் கணக்கிலெடுக்கிறது. மறிக்கப்பட்ட வளர்ச்சியைப் பற்றிப் பேசுவதற்கு அந்த நான்காவது அளவுகோலில் இடம் இருக்கிறது. ரஸ்ஸலும் பர்ச்சும் 1959-இல் முன்வைத்த மூன்று நெறிகளில், அதாவது விலங்குக்கு மாற்று தேடுதல், எண்ணிக்கையைக் குறைத்தல், துன்பத்தைத் தணித்தல் என்ற மூன்றில், முதலாவது இத்துறையில் எளிதன்று. மூளையும் பிட்யூட்டரியும் சூலகமும் கல்லீரலும் சேர்ந்து நடத்தும் நிகழ்ச்சி பருவமடைதல் என்பதால், கண்ணாடிக் கிண்ணத்தில் வளர்க்கும் நரம்பணு எதுவும் பருவமடைவதில்லை. ஆனால் இரண்டாவது நெறிக்கு இங்கே மிகுந்த இடம் உண்டு. மது இளம் உயிரின் பருவத்தைத் தடுக்கிறது என்பது எலியிலும் குரங்கிலும் காட்டப்பட்டாயிற்று. அதையே மீண்டும் காட்டுவதற்காக இன்னொரு குட்டியின் வளர்ச்சியை மறிக்க விரும்புவோர், இதுவரை கேட்கப்படாத கேள்வி எது என்பதை முதலில் நிறுவ வேண்டும்.

சிறுவருக்குப் பதிலாக விலங்குக்கு ஊட்டப்பட்டது என்பதுதான் இந்த ஆய்வுகளின் ஒரே நியாயம் என்றால், அதில் கிடைத்த முடிவு சிறுவருக்கு உரிய உடைமையாகிறது. அது குழந்தை மருத்துவரின் அறிவுரையிலும், பள்ளிப் பாடத்திலும், மதுவை எந்த வயதினருக்கு எவ்வளவு எட்டாமல் வைப்பது என்று தீர்மானிக்கும் சட்டத்திலும் வந்து சேர வேண்டும். ஆய்விதழ்களின் பக்கங்களைத் தாண்டி அது வராத நாடுகளில், பெந்தத்தின் கணக்கு முறைப்படி பார்த்தாலும் செலவு மட்டுமே எழுதப்பட்டு வரவு எழுதப்படாமல் இருக்கிறது. அதுவரை, மர்கீனானீயின் விதி சொல்லும் தீவினை, ஊட்டியவர்களோடு ஊட்டுவித்தவர்கள் கணக்கிலும் நிற்கிறது.